பச்சையெல்லாம் மேய்ச்சலல்ல

திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வளாகத்தில் மேயும் புள்ளிமான்களைக் காண்போர் மகிழ்கின்றனர். அவற்றுட் சில நகர வீதிகளிற் குப்பையைக் கிளறிப் பொலித்தீனை விழுங்குவது வேதனைக்குரியது. மறுபுறம், பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மாட்டுப் பட்டிகளை எங்கே கொண்டுசெல்வது என்ற கவலை மாவட்டத்தின் பண்ணையாளரை ஆண்டுதோறும் வாட்டுகின்றது. இரண்டுக்கும் கூறப்படும் பரிகாரம் ஒன்றே: நிலம் ஒதுக்க வேண்டும். ஆயின், அந்நிலத்தில் வளர்வது எந்தப் புல் என்பது அரிதாகவே கேட்கப்படுகின்றது.

உலகில் சுமார் 11,000 புல்லினங்கள் உள்ளன. தூரத்தில் எல்லாம் ஒரே பச்சை. குனிந்து பார்த்தாலே வேறுபாடு புலப்படும். முதலில் தண்டைக் கவனிக்க வேண்டும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது, கணுக்கள் உடையது. கோரையின் தண்டை விரல்களிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். கோரை புல்லினமே அன்று. அடுத்தது, இலை தண்டைத் தழுவும் மூட்டு. நெற்பயிரில் அங்கே சிறு நாக்குப் போன்ற சவ்வு உண்டு. நெல்லை ஒத்து வளரும் குதிரைவாலி இனக் களைகளில் அது இல்லை. மூன்றாவது பூங்கதிர். அறுகின் கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து விரல்களாக விரியும். கினிப்புல்லின் கதிர் பரந்து கிளைக்கும்.

இது வெறும் தாவரவியல் நுணுக்கமன்று. அறுகு தரையோடு படர்வதால் மேய்ச்சலையும் மிதிப்பையும் தாங்கும். ஆபிரிக்காவிலிருந்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வந்த கினிப்புல் இளமையில் நல்ல தீவனம்; முற்றிக் காய்ந்தாலோ காட்டுத்தீக்கு விறகு. சிங்களத்தில் இலுக் எனப்படும் வெண்குஞ்சப் புல்லின் முற்றிய தாள்களை மாடுகள் விரும்புவதில்லை. தீ வைத்தாலும் மண்ணுள் ஊடுருவிய தண்டுகளிலிருந்து அது மீண்டும் தளிர்க்கும்.

மகாவலி கொட்டியாரக் குடாவை நோக்கிப் பாயும் வழியிலுள்ள 'வில்லு' எனும் வெள்ளச் சமவெளிகளைக் கோடையில் யானைகளும் நாடுகின்றன. 1986இல் பிரகடனப்படுத்தப்பட்ட சோமாவதிய தேசியப் பூங்கா இத்தகைய நிலங்களைக் கொண்டது. வெள்ளம் பரவி வடியும் அளவைப் பொறுத்தே அங்குள்ள புல்லினங்கள் அமைகின்றன.

காப்பு நிலங்களின் எல்லையில், மாடுகள் புல்வெளியை அழிப்பதாக ஒரு தரப்பும் அது பரம்பரை மேய்ச்சற்றரை என மறுதரப்பும் வாதிடுவது வழமை. உண்ணத்தக்க புற்கள் குறைந்து, உண்ணாதவை ஆண்டுதோறும் பெருகுமாயின், மேய்ச்சல் மிதமிஞ்சியதற்கு அது வலுவான அறிகுறி. புற்பட்டியல் இல்லாதவிடத்துக் குரலின் உயரமே தீர்ப்பாகிவிடும்.

ஆகவே, எல்லைக்கல் நடுமுன் புற்பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். மாரி மழைக்குப் பின் புற்கள் கதிர்விடும் காலமே அதற்கு உகந்தது. வனசீவராசிகள் திணைக்களமும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழக மாணவரும் இதிற் கைகோக்கலாம். ஐயமுள்ள மாதிரிகளைப் பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் ஒப்பிடலாம். எந்தப் புல்லை மாடு முதலிற் கடிக்கும் என்பதை அறிந்த பட்டிக்காரரும் அக்குழுவில் இடம்பெறுவது அவசியம்.