தங்க விலையும் இயந்திர முகவரும்: சந்தாவுக்கு முன் படிக்க வேண்டிய ஆவணம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எனினும் தங்கத்தின் அன்றாட விலையைக் கேட்டறியும் வழக்கம் இங்கு இன்றும் நீடிக்கிறது. இப்போது அப்பணியையும் கணினியிடம் ஒப்படைக்க முடிகிறது. சந்தை விலையைத் தானே பெற்று, ஆராய்ந்து, நம் சார்பில் செயற்படும் மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு முகவர் என்கிறோம். அதற்கு விலைகளை இடைவிடாது அனுப்பும் கட்டணச் சேவையே தரவுச் சந்தா. அச்சேவையைப் பயன்படுத்தும் முறையை முகவருக்கு உணர்த்துவது, அதனுடன் வரும் விளக்க ஆவணமாகும்.

ஆவணம் ஏன் தேவை?

சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கிய எஞ்சின் இயக்குநர், ஆழத்தில் நின்ற தொழிலாளரைக் கண்ணால் கண்டதில்லை. மணியொலியின் எண்ணிக்கையைக் கொண்டே செயற்பட்டார். ஆகவே எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. முகவரின் நிலையும் இதுவே. எழுதப்படாததை அது ஊகிக்கும். ஊகத்தின் விலையை நாம் செலுத்துவோம்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறைப்படி, ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் பணியையும் எழுத்தில் அறிவிக்கிறது. முகவர் அதைப் படித்தே கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. நம் நாட்டில் ஸெரோதா நிறுவனம் 2025-இல் இந்நெறிமுறையில் அமைந்த சேவையைத் தொடங்கியது.

கவனிக்க வேண்டிய ஐந்து

1. அளவு: எம்சிஎக்ஸ் சந்தையில் கோல்டு பெட்டல் 1 கிராமுக்கும், கோல்டு கினி 8 கிராமுக்கும், கோல்டு மினி 10 கிராமுக்கும் விலை குறிக்கப்படுகின்றன. கிராம் விலை 10,000 ரூபாய் எனக் கொள்வோம். கினியின் விலை 80,000 எனத் தெரியும். ஒரு பவுன் 8 கிராம் என்பதை அறிந்த நமக்கு இதில் குழப்பமில்லை. ஆவணத்தில் அளவு இல்லையெனில், முகவர் அதனை 10 கிராமுக்கான விலையாகக் கருதி, தங்கம் 20 விழுக்காடு மலிந்துவிட்டது என முடிவு செய்யக்கூடும். மேலும் கோல்டு மினியின் ஓர் ஒப்பந்தம் 100 கிராம். திரையில் தெரிவது 1,00,000 ரூபாய். ஒப்பந்தத்தின் மதிப்போ 10,00,000 ரூபாய்.

2. நேரம்: விலையுடன் வரும் நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா? இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேர வேறுபாடு உண்டு. விலை உடனுக்குடன் வருகிறதா, தாமதமாகவா என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

3. துண்டிப்பு: இணைப்பு அறுந்தால் கடைசி விலையே திரையில் நிற்கும். அதனைப் பழைய விலை என்று முகவர் அறிவது எவ்வாறு என்பது ஆவணத்தில் இருத்தல் வேண்டும்.

4. அதிகாரம்: விலையைப் பார்க்க மட்டுமா, வாங்கி விற்கவுமா? பார்க்கும் அனுமதியே தொடக்கத்திற்குப் போதுமானது. தனிநபர்களின் தானியங்கி வர்த்தகம் குறித்த செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கை, கட்டுப்பாடற்ற திறந்த இணைப்புகளை அனுமதிக்கவில்லை. வாடிக்கையாளருக்கெனத் தனித் திறவுகோலும், தரகர் ஏற்ற நிலையான இணைய முகவரியும் தேவை.

5. கட்டணம்: பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சந்தா பிடித்தம் தொடரும். அட்டை வழியான தொடர் பிடித்தத்திற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னர் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேண்டாத சந்தாவின் ஒப்புதலை நீங்களே திரும்பப் பெறலாம்.

இறுதியாக

பங்குச் சந்தையின் முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. வேகமான கருவி இந்நிலையை மாற்றிவிடும் என நம்புவதற்கில்லை. ஆகவே பணிக்கொடை, வைப்புத்தொகை போன்ற சேமிப்பை இதில் ஈடுபடுத்த வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. கடவுச்சொல், ஒருமுறைக் கடவுஎண் ஆகியவற்றை எந்த முகவரிடமும் பதியாதீர்கள். மேற்கண்ட ஐந்து வினாக்களுக்கும் ஆவணத்தில் விடை இல்லையெனில், அச்சந்தாவைத் தவிர்ப்பதே நலம்.