பனியன் ரூபாயும் பீரங்கி ரூபாயும்

2025 செப்டம்பரில் ஒரு மாலை, காதர்பேட்டை வழியே சென்றுகொண்டிருந்தோம். திருப்பூர் இரயிலடியை ஒட்டிய அந்தச் சந்தையில் யாரும் நடப்பதில்லை. கூட்டம் நகர்த்துகிறது, நாம் நகர்கிறோம். இருமருங்கும் கடைகள். கடைகளின் நெற்றியிலே தோரணம்போலப் பனியன்கள், குழந்தைச் சட்டைகள், கால்சட்டைகள். கேரளத்து வியாபாரி மூட்டை கட்டுகிறார், வடநாட்டு வியாபாரி விலை பேசுகிறார். கழுத்துப் பட்டையில் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் தைத்த சட்டைகள், கடல் தாண்டிச் சென்று கண்ணாடிக் கடையில் தொங்க வேண்டியவை, இங்கே கோணிமேல் குவியலாகக் கிடந்தன.

தேநீர்க் கடையில் நம்மை அடையாளம் கண்ட தோழர் ஒருவர் பலகையில் இடம் ஒதுக்கித் தந்தார். பவர் டேபிள் டைலர். இருபது ஆண்டுக்கால உழைப்பாளி. "ஒண்ணரை ஷிப்ட்டு ஓடுன கம்பெனிங்க. இப்ப ஒரு ஷிப்ட்டுத்தான். வாரச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு போச்சுங்க" என்றார். பக்கத்திலே ஓர் இளைஞர், கட்டிங் பகுதியில் வேலை, கையில் செல்போன். "அதுக்கென்னங்கண்ணா, படைக்குச் செலவு பண்ணப் பண்ண நாடு வளரும்னு டிவியில சொல்றாங்களே. கோயமுத்தூர்லயே தளவாடம் செய்யப் போறாங்களாமா" என்றவர் நம் பக்கம் திரும்பினார்: "ஏனுங்க, நீங்க மேடையில பேசறவங்க. அது நெசமுங்களா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லித் தேநீரைக் குடித்து முடித்திருக்கலாம். ஆனால் தொழிலாளி கேட்ட கேள்வி. அமைச்சர்கள் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. அன்று அங்கே பாதி சொன்னோம். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்று. படைவீரனைக் குறைத்துப் பேச வந்தவர்களல்ல நாம். 1962-ல் சீனப்படை எல்லை தாண்டியபோது, கிளர்ச்சியை ஒத்திவைத்து, உண்டி ஏந்திப் பாதுகாப்பு நிதி திரட்டியவர்கள் நம் இயக்கத்தவர். நாடு காக்கும் செலவு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. கொங்கு நாட்டு உழவன் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போடுகிறான். வேலியில்லாத தோட்டத்தில் ஆடு மேயும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் வேலி போட்டதால் இந்த ஆண்டு விளைச்சல் இரட்டிப்பு என்று எந்த உழவனாவது ஊரைக் கூட்டிச் சொன்னதுண்டா? டில்லியிலே சொல்கிறார்கள்! நமக்கு வழக்கு அங்கேதான்.

ஒரு ரூபாய் காதர்பேட்டைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். நூற்பாலையில் பஞ்சு நூலாகிறது. நிட்டிங் பட்டறையில் நூல் துணியாகிறது. சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பெட்டி, லாரி, தூத்துக்குடித் துறைமுகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கை நீட்டிக் கூலி வாங்குகிறார். அந்தக் கூலி அரிசிக் கடைக்குப் போகிறது, வீட்டு வாடகைக்குப் போகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. பனியனை உடுத்தியவன் மறுநாள் வேலைக்குப் போகிறான். வாங்கி வைத்த நிட்டிங் இயந்திரம் அடுத்த ஆண்டும் துணி நெய்கிறது.

பீரங்கிக் குண்டும் கூலி கொடுக்கிறது, மறுக்கவில்லை. அதைக் கடைந்த தொழிலாளியும் தேநீர் குடிக்கிறான். ஆனால் செய்து முடித்த பிறகு? எண்ணெய் தடவிக் கிடங்கில் அடுக்குகிறார்கள். அதற்கு நேரக்கூடிய மிகப் பெரிய நன்மை, வெடிக்காமலே துருப்பிடிப்பது. வெடித்தாலோ, அது விழுந்த இடத்தில் இருந்த வீடும் கடையும் சேர்ந்து போகும். பனியன் ரூபாய் நடந்துகொண்டே இருக்கும். பீரங்கி ரூபாய் ஒருமுறை எட்டு வைத்துப் படுத்துவிடும்.

இது நம் கற்பனைக் கணக்கல்ல. உலகிலேயே மிகப் பெரிய படைச்செலவு செய்யும் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் 2011-ல் கணக்கிட்டார்கள். நூறு கோடி டாலரைப் படைக்குச் செலவிட்டால் ஏறத்தாழ 11,200 பேருக்கு வேலை. அதையே மருத்துவத்துக்குச் செலவிட்டால் 17,200 பேருக்கு. கல்விக்கானால் 26,700 பேருக்கு! அங்கே டாங்கியும் விமானமும் உள்நாட்டிலேயே செய்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தக் கதி. நம் நாடோ 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டில் ஆயுத இறக்குமதியில் உலகில் இரண்டாம் இடம். முதலிடம் போரில் எரிந்துகொண்டிருந்த உக்ரைனுக்கு. இறக்குமதி செய்த விமானத்துக்குக் கொடுத்த ரூபாய் எந்த ஊர்த் தேநீர்க் கடைக்குப் போகும்? பிரான்சு நாட்டுக் காப்பிக் கடைக்குப் போகும்.

கடற்படைக்கு 26 ரபேல் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தமாயிற்று. தளவாடம், பயிற்சி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய். திருப்பூர் முழுவதும் இரவு பகலாகத் தைத்து 2024-25-ல் ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 45,000 கோடி. 26 விமானங்களுக்காக இந்த ஊர் பதினேழு மாதம் தைக்க வேண்டும், அதுவும் நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் ஒரு காசு எடுக்காமல்! விமானம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் படைத்துறை அறிந்தவர்கள் பேசட்டும். விலை இன்னது என்று தைக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

வரலாற்றுக்குள் போனால் இதைவிடச் சுடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே இந்தியத் துணி ஆலைகள் ஓய்வின்றி ஓடின. காக்கித் துணி, கூடாரத் துணி, படைகளுக்கு வேண்டிய அத்தனையும். ஆலை முதலாளிகளுக்கு அப்படியொரு இலாபம் அதற்கு முன் கண்டதில்லை. வளர்ச்சிதானே? புள்ளிவிவரத்தில் வளர்ச்சிதான். ஆனால் துணி நெய்த நாட்டில் மக்களுக்குக் கட்டத் துணியில்லை. விலை பல மடங்கு ஏறி, 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. அதே 1943-ல் வங்கத்திலே இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். வாங்கிய பொருளுக்கு வெள்ளையன் கொடுத்தது என்ன? "பின்னால் தருகிறோம்" என்ற கடன் சீட்டு. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி 130 கோடி பவுன் அளவில் நின்றது. அந்தச் சீட்டை நம்பி இங்கே நோட்டு அச்சடித்தார்கள். நோட்டு பெருத்தது, கூலி இளைத்தது.

சரி, வெள்ளையன் காலம் போகட்டும். நம்மவர் ஆட்சியில்? 1962 போருக்குப் பின் 1963-64 வரவுசெலவுத் திட்டத்திலே மொரார்ஜி தேசாய் படைக்கு ஒதுக்கியது 867 கோடி. முன்னாண்டு முதலில் ஒதுக்கியதைவிட இரு மடங்குக்கும் மேல். பணத்துக்கு எங்கே போவது? கட்டாயச் சேமிப்புத் திட்டம் வந்தது. தங்கக் கட்டுப்பாடு வந்தது. பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாதென்று சொல்லிப் பொற்கொல்லர் வீட்டு உலையை அணைத்தார்கள். 1965-ல் பாகிஸ்தானுடன் போர், வெளிநாட்டு உதவி நின்றது. மழையும் பொய்த்தது. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் இருந்தது 7.50 ஆயிற்று. ஐந்தாண்டுத் திட்டமே மூன்றாண்டு ஓய்வெடுத்துக் கொண்டது. எல்லாப் பழியையும் பீரங்கியின் தலையில் போட மாட்டோம், வறட்சிக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனால் வேலிக்கு விலை உண்டு என்பதையும், அதைக் கடைசியில் கொடுப்பவன் அரிசிக் கடை வரிசையில் நிற்பவன் என்பதையும் தமிழகம் அன்றே கண்டது. 1967-ல் மக்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பதைத் தோழர்களுக்கு நாம் சொல்லவா வேண்டும்!

எதிர்வாதம் ஒன்று உண்டு, மறைக்க மாட்டோம். எமில் பெனுவா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-ல் ஒரு நூல் எழுதினார். 44 ஏழை நாடுகளின் 1950 முதல் 1965 வரையிலான கணக்கைப் பார்த்தார். படைச்செலவு மிகுந்த நாடுகளே வேகமாக வளர்ந்திருக்கின்றன என்றார். நம் நாட்டையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தார். படைவாதிகளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது! பிறகு மற்றவர்கள் அந்தக் கணக்கைக் கிளறினார்கள். படை பெருத்த நாடுகள் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவியும் கொட்டியிருந்தது. வளர்த்தது துப்பாக்கியா, கொட்டிய பணமா? 1983-ல் டேகர், ஸ்மித் இருவரும் 50 நாடுகளைப் பார்த்துச் சொன்னது: படைச்செலவால் தொழில்நுட்ப வழியில் சிறு நன்மை உண்டு, ஆனால் அது சேமிப்பைத் தின்பதால் வரும் தீமை அதைவிடப் பெரிது.

தென்கொரியாவைக் காட்டுவார்கள். உண்மை, எல்லையில் பகையை வைத்துக்கொண்டு படைக்குத் தாராளமாகச் செலவிட்டு வளர்ந்த நாடு அது. ஆனால் அங்கே நிலத்தை உழுதவனுக்குப் பகிர்ந்தார்கள், ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தலைமுடியில் டோப்பா செய்தும் சட்டை தைத்தும் ஏற்றுமதி செய்தார்கள். காதர்பேட்டை வழியில்தான் அவர்களும் நடந்தார்கள்! அப்படியானால் ஜப்பான்? 1976-ல் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் படைக்கில்லை என்று முடிவெடுத்துக்கொண்ட நாடு. அது தேய்ந்தா போயிற்று?

இனி நம் வீட்டுக் கணக்கு. ஆவடியில் டாங்கி ஆலையும் சீருடை ஆலையும், திருச்சியில் துப்பாக்கி ஆலை, அரவங்காட்டில் வெடிமருந்து ஆலை. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அவற்றால் வாழ்ந்தன, அதை மதிக்கிறோம். 2019 சனவரியில் பாதுகாப்புத் தொழில் பெருவழி என்று அறிவித்து, சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து ஊர்களைக் குறித்தார்கள். கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஆர்டர் வந்தால் மகிழ்ச்சியே. இறக்குமதி செய்வதைவிட இங்கே செய்வது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் தோழர்களே, அங்கே தொழிலாளியின் நிலை என்ன? 2021-ல் 41 படைக்கல ஆலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். தொழிலாளர் எதிர்த்தனர். வேலைநிறுத்தத்தைத் தடை செய்யச் சட்டமே கொண்டுவந்தார்கள்! நாட்டுப் பாதுகாப்பு என்ற சொல் அங்கே பகைவனை நோக்கிப் போகவில்லை, சங்கத்தை நோக்கிப் போயிற்று. 1984-ல் திருப்பூர்த் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த உரிமையை வைத்து எண்ணிப் பாருங்கள். வேலியே பயிரை மேய்வது என்று பெரியவர்கள் வேறு எதைச் சொன்னார்கள்?

2025-26 ஆண்டுக்கு ஒன்றிய அரசு படைத்துறைக்கு ஒதுக்கியது 6.81 இலட்சம் கோடி ரூபாய். அதில் 1.61 இலட்சம் கோடி ஓய்வூதியம். அது உழைத்தவன் கூலி, அதில் கை வைக்கச் சொல்ல மாட்டோம். துணித்துறை அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 5,272 கோடி. 129-ல் ஒரு பங்கு!

அந்த மாலை டைலர் தோழர் இழந்த அரை ஷிப்ட்டுக்கும் போருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைகுறையாகும். ரஷ்யாவும் உக்ரைனும் 2022 முதல் போரிட்டன. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியது. அதற்குத் தண்டனையென்று அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டது. முன்பு போட்டதோடு சேர்த்து 50. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. எண்ணெய் சுத்திகரித்தவன் ஒருவன், இலாபம் கண்டவன் ஒருவன், தண்டம் கட்டியவன் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவன். வரி ஏறும், இறங்கும். அந்த மாதம் போன கூலி திரும்புமா?

கடலுக்கு அப்பால் ஈழத்தையும் இலங்கையையும் பாருங்கள். 2009-ல் போர் முடிந்தது என்று முரசறைந்தார்கள். படை கலைந்ததா? 2022-ல் கடன் கட்ட முடியாமல் கையை விரித்த பிறகுதான், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையை 2030-க்குள் ஒரு இலட்சமாக்குவோம் என்று 2023 சனவரியில் அறிவித்தார்கள். தமிழன் நிலத்தில் முகாம் அமைத்து உட்கார்ந்த படைக்குச் சோறு போட்டது, கொழும்பில் ஆடை தைத்த சிங்களப் பெண்ணின் உழைப்பும்தான்.

"அப்ப வேலியே வேண்டாங்கறீங்களா?" என்றார் செல்போன் இளைஞர். நல்ல கேள்வி. வேண்டும் என்றோம். எவ்வளவு உயரம், யார் செலவில், அதற்காக எந்தக் கிணறு வெட்டாமல் நின்றது, இவற்றைக் கேட்க உனக்கு உரிமை உண்டு தம்பி என்றோம். அவர் தலையசைத்தார்; முழுதும் ஒப்பினாரா என்பது ஐயமே.

எழுந்து வெளியே வந்தோம். கோணிமேல் கிடந்த குவியலிலிருந்து டைலர் தோழர் ஒரு சட்டையை எடுத்தார். உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார். "நாங்க தைச்சதுங்க" என்றார். கடைக்காரர் விலை சொன்னார். கேட்டுக்கொண்டு, சட்டையை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார்.