கல் நெஞ்சமா, கவனக் குறையா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். ஆனால், முகத்தில் தெரிவதைக் காணவும் ஒருவர் கவனிக்க வேண்டுமல்லவா? இதுபற்றி உளநூலார் கண்டுள்ளவை ஆசிரியர்கள் அறியத்தக்கவை.

பிறர் துன்பங்கண்டு இரங்காமை, அச்சமின்மை, செய்த தவற்றுக்கு வருந்தாமை ஆகியவை ஒருங்கே அமைந்த இயல்பைச் 'சைக்கோபதி' என்பர். அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். 1957இல் டேவிட் லிக்கன் என்பார், மின்னதிர்ச்சி தரும் தவறான தேர்வுகளைத் தவிர்க்க இத்தகையோர் மற்றவரைப்போல் எளிதில் கற்பதில்லை எனக் கண்டார். இவர்களிடம் அச்சவுணர்ச்சியே குன்றியுள்ளது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜோசப் நியூமன் குழுவினர் வேறொரு வினாவை எழுப்பினர். உணர்ச்சியே இல்லையா, அல்லது கவனம் வேறிடத்தில் நிற்பதால் உணர்ச்சி எழவில்லையா என்பதே அது. 2010இல் வெளியான ஆய்வில், 125 சிறைவாசிகளுக்குச் சிவப்பு, பச்சை நிறங்களில் ஆங்கில எழுத்துகளைக் காட்டினர். சிவப்பெழுத்துக்குப்பின் மின்னதிர்ச்சி வரக்கூடும். நிறத்தைக் கவனிக்கச் சொன்னபோது, சைக்கோபதி இயல்புடையோரும் மற்றவரைப் போலவே அஞ்சினர். திடீர் ஓசை கேட்டு அவர்கள் கண் இமைத்த வன்மை அதனைக் காட்டியது. எழுத்து பெரிய வடிவமா, சிறிய வடிவமா என்று பார்க்கச் சொன்னபோதோ அவ்வச்சம் குன்றியது.

ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இவ்வியல்பின் சாயலுடைய சிறுவர்கள், படத்திலுள்ள முகங்களில் அச்சத்தை இனங்காணத் தடுமாறினர். "கண்களைப் பார்" என்று சொன்னதும் அத்தடுமாற்றம் அவ்வேளைக்கு நீங்கியது.

கவனத்தைத் திருப்பினாலே குணம் மாறிவிடும் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் குறைபாடே மூலம் என்போரும் உளர். மேலும், குறும்பு செய்யும் பிள்ளைக்கெல்லாம் சைக்கோபதி என்று பெயர் சூட்டுவது பெருந்தவறு.

ஆயினும் எனக்கொன்று உறுத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், உடன் பயிலும் பையனைத் தள்ளி வீழ்த்திவிட்டுச் சிரித்து நின்ற மாணவனைக் 'கல்நெஞ்சன்' என்று வைதேன். விழுந்து கிடந்தவன் முகத்தைப் பார் என்று அவனிடம் நான் சொல்லவேயில்லை. இன்றாயின் முதலில் அதனைத்தான் சொல்வேன்.