கதவிலே பிழையில்லை

பழைய மோட்டார் வண்டியொன்றின் வயதை வர்ணம் மறைத்துவிடும். கதவுக்கும் அதன் நிலைக்கும் இடையேயுள்ள நீக்கலோ எதனையும் மறைக்க அறியாது. இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றிலே, அடங்க மறுத்த கதவு ஒன்றிடம் கற்றேன்.

எங்கள் வீட்டிலே 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்றுண்டு. பாட்டனார் வாங்கியது. வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு ஐயா அதிலேதான் சுன்னாகம் சந்தைக்குச் செல்வார். 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, குடாநாட்டின் பழைய வண்டிகள் பல மண்ணெண்ணெயில் ஓடின, எங்களதும் ஓடியது. பின்னர் கொட்டிலிலே கிடந்து கறளேறிப் போயிற்று. ஐயாவுக்கு எண்பது வயது நிறையும் நாளில் அவரை அதிலேற்றிக் கோயிலுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று விரும்பினேன். ஓட்டுவதற்குத் தமக்கையின் மகன் ஆயத்தமாயிருந்தான்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்திலே வெளிவந்தது. அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கியிருக்கக் கண்டு அதனை நெடுக்கே இரண்டாக அறுப்பித்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் பட்டை அந்த மாற்றத்தின் அடையாளமே. 1953இல் வந்த பிக்கப்புக்குக் காருக்கில்லாத தனி அடிச்சட்டம் உண்டு. ‘சசி’ எனப்படும் அச்சட்டத்தின்மீதே முன்னறையும் பின்பெட்டியும் தனித்தனியாக அமர்கின்றன. ஆகவே அடியில் நேரும் சிறு பிழையும் மேலே பெரிதாய்த் தோன்றும்.

உதிரிப்பாகங்கள் கிடைப்பது பெருஞ் சிரமமாயிருக்கவில்லை. 1990களில் தென்னிலங்கையில் இவ்வண்டிக்கான பாகங்கள் செய்யப்பட்டு, அது பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்றால் வியப்பன்றோ! மட்காட்டுகளும் கதவுகளும் ஒருவாறு சேர்ந்தன. சசிக்குக் கறுப்பு மையும் பூசியாயிற்று. எஞ்சியது பூட்டும் வேலையே.

அப்போதுதான் இடக்கதவு முரண்டு பிடித்தது. அதன் பின்புறக் கீழ்மூலை நிலையில் இடித்தது. மேல்மூலையிலோ விரல் நுழையுமளவு நீக்கல். நாளோ நெருங்கிவிட்டது.

“அண்ணை, அந்த மூலையைக் கொஞ்சம் அராவிவிடுங்கோவன்” என்றேன்.

தகர வேலையிலே தலைநரைத்த அப்பெரியவர் அரத்தைத் தொடவேயில்லை. “கதவிலை பிழையில்லை, மாஸ்டர். அது உள்ளதைச் சொல்லுது. அதின்ரை வாயை ஏன் அடைப்பான்?” என்றார்.

பின்பு ஒரு நூலை எடுத்துக் கதவுநிலையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தார். அவை இருக்கவேண்டிய அளவிலிருந்து அரை அங்குலம் வேறுபட்டன. வகுப்பிலே ஆண்டுதோறும் யான் கற்பிக்கும் கேத்திரகணிதம் கண்முன்னே நின்றது. எனக்கோ அது தோன்றவில்லை! அவர் வண்டியின் கீழே படுத்து, முன்னறை அமரும் இடத்திலே திருப்புளியால் ஊன்றினார். கறுப்பு மையைத் துளைத்துக்கொண்டு அது உள்ளே இறங்கிவிட்டது. உட்புறம் முழுவதும் கறள். சட்டம் அவ்விடத்தில் அமிழ, முன்னறையும் அதனுடன் சாய்ந்திருந்தது.

மூலையை அராவியிருந்தாற் கதவு அடங்கியிருக்கும், நாமும் மகிழ்ந்திருப்போம். ஐயாவையும் அப்பிள்ளையையும் உளுத்த சட்டத்தின்மீது ஏற்றித் தெருவுக்கு அனுப்பியிருப்பேன். அதனை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

பூட்டியதெல்லாம் கழன்றது. வண்டியைச் சமதரையில் நான்கு சில்லுகளிலும் நிற்கவைத்து, கறள் தின்ற பகுதியை வெட்டி அகற்றிப் புதுத் தகடு ஒட்டினார்கள். நடுவிலே முட்டுக்கொடுத்து உயர்த்தினாற் சட்டம் சற்று வளைந்து அளவு பொய்த்துவிடுமாம். பின்னர் முன்னறையை அமர்த்தி, மெல்லிய தகடுகள் செருகி மூலைவிட்டங்களைச் சரிப்படுத்தினார். அடுத்துக் கதவுகள், கதவுகளுக்கு இசைய மட்காட்டுகள், அவற்றுக்கு இசைய பொனற், ஈற்றிலே பின்பெட்டி. திருகாணிகள் யாவும் முதலில் விரலால் மட்டுமே திருகப்பட்டன. எங்கும் நீக்கல் ஒத்திருக்கக் கண்டபின்பே, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். வர்ணம் பூசியது அதன் பின்னரே. முன்னரே பூசும்படி வற்புறுத்தியவன் யான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறந்தநாள் கடந்து ஒன்றரை மாதமாயிற்று. ஐயா வந்து இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். ஒரே ஓசை. ஒன்றும் பேசாமல் மீண்டுமொருமுறை திறந்து சாத்திப் பார்த்தார். பிறகு, “சரி, போவம்” என்றார்.

விடை பிழைத்தாற் கடைசி வரியை மாத்திரம் அழித்துத் திருத்தும் மாணவர்களை யான் கண்டிப்பதுண்டு. பிழை பெரும்பாலும் முதல்வரியிலே கிடக்கும். இப்போதெல்லாம் கண்டிக்குமுன் அந்தக் கதவை நினைத்துக்கொள்கிறேன்.