செயற்கை நுண்ணறிவும் தடைவிடை மரபும்

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறி வெளிவந்தது. அதனை விலக்குவதா, ஏற்பதா என்னும் வினா அன்றுதொட்டு உலகப் பல்கலைக்கழகங்கள் எங்கணும் எழுந்துள்ளது. திருக்கோவிலிலே தமிழ்மொழி மூலம் பயின்று, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிற் புகுந்து ஆங்கில நூல்களை எதிர்கொள்ளும் நம் மாணவர்க்கு இப்பொறி பெருந்துணையும் ஆகலாம், பெருமயக்கமும் ஆகலாம்.

எண்ணிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இப்பொறி, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பெரிதும் பொருந்தும் எனக் கணித்துத் தொடர்களை அமைக்கின்றது. ஆதலின் நடை செம்மையாயிருப்பினும் பொருள் மெய்யாயிருத்தல் உறுதியன்று. பயிற்சிக்குக் கிடைத்தவற்றில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் சிறிதே. எனவே தமிழ்ச் செய்யுளையும் புலவரையும்பற்றி வினவுமிடத்துப் பிழை மலிதல் இயல்பு. 2023ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இப்பொறி புனைந்த வழக்குத் தீர்ப்புக்களை நீதிமன்றிற் காட்டியமைக்காக வழக்கறிஞர் இருவருக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றோரும் மயங்குவர் என்பதற்கு இஃதொரு சான்று.

அங்ஙனமாயின் இதனைப் பயன்கொள்ளுமாறு யாங்ஙனம்? நம் உரையாசிரியர் மரபே வழிகாட்டும். தாம் கூறிய பொருளின்மேற் பிறர் நிகழ்த்தக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, அதற்கு விடையும் இறுத்தல் அவர் வழக்கு. வினாதலையும் வினாயவற்றுக்கு விடுத்தலையும் நன்னூல் கல்வியின் கூறாக வகுத்துள்ளது. தடை எழுப்பும் தோழனாகப் பொறியைக் கொள்க. விடை இறுப்பவன் மாணவனாகவே இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். யாழ் வழக்கொழிந்தமைக்குக் காரணம் யாதென மாணவன் ஆராய்கின்றான் என்க. முதற்கண் தன் கருத்தைத் தானே எழுதுக. பின்னர், “இதற்கு எதிராக மூன்று தடைகள் கூறுக” எனப் பொறியை வினவுக. அவற்றை விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூலோடும் பழைய நூல்களோடும் ஒப்புநோக்குக. ஆதாரம் காணப்பெறாதவற்றைத் தள்ளுக. பொறியின் உதவி பெற்ற இடத்தைக் கட்டுரையில் ஒளியாது குறிப்பிடுக.

காரைதீவிற் பிறந்த அடிகளார் 1947இல் வெளிவந்த அந்நூலுக்காக ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டார். முடிபுகளோ அவர்தம் சிந்தையில் விளைந்தவை. பட்டம் பெற்று மீளும் இளைஞனை நாளை ஊரவர் ஐயம் வினவுவர். பொறியை நாடாது அவனே ஆராய்ந்து விடை கூறுவானாயின், அவன் கற்றது கல்வியேயாம்.