சைக்கிளுக்கு சர்ச் லைட்!

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ராத்திரி பத்தரை மணிக்கு சைக்கிள் மிதித்ததுண்டா? ஆந்திராவிலிருந்து வரும் லாரிகளின் ஹெட்லைட் கண்ணைப் பறிக்கும். லாரி போன அடுத்த விநாடி கும்மிருட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்த நம்மாட்கள் அந்த இருட்டில்தான் வீடு திரும்புகிறார்கள். ஹேண்டில்பாரில் டிபன் பாக்ஸ் உண்டு, லைட் கிடையாது!

"டைனமோ இருக்குதுண்ணே, எரியுது" என்றார் ஒரு ஷிப்ட் நண்பர். எரிந்தது... மின்மினிக்குப் போட்டியாக.

டைனமோவைத் திட்டாதீர்கள். அது பாவம், டயரோடு உரசி உரசி 6 வோல்ட், 3 வாட் தருகிறது. அதில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிப்பது பழைய பல்புதான். அதே 3 வாட்டை வெள்ளை எல்.ஈ.டி.யிடம் கொடுத்தால் பல மடங்கு வெளிச்சம். 1962-லேயே நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.ஈ.டி. செய்துவிட்டார். பளிச்சென்ற நீலத்துக்கு 1993 வரை, ஜப்பானின் நகமுரா வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை. இதற்காக 2014-ல் நகமுரா உட்பட மூவருக்கு நோபல்!

நான் பி.காம். ஆகவே எல்.ஈ.டி.யை எனக்கு சுலபமாகப் புரிந்தது. அது கிரெடிட் கார்டு கிடைத்த மனுஷன் மாதிரி. 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், கரண்டை அள்ளி அள்ளிக் குடித்துக் கருகிவிடும். படியளக்க ஒரு கேஷியர் வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் 'டிரைவர்' என்ற குட்டி சர்க்யூட் அந்த வேலையைப் பார்க்கும்.

டைனமோவில் கேஷியர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்! வேகம் கூடக் கூட அதன் காயிலே மறிப்பதால், கரண்ட் ஏறக்குறைய அரை ஆம்பியரைத் தாண்டுவதில்லை. நான்கு டயோடு, ஒரு கேப்பாசிட்டர், வரிசையாக இரண்டு 3 வாட் எல்.ஈ.டி. தீர்ந்தது கதை. எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: எல்.ஈ.டி. ஒயர் கழன்றால் சுமையில்லாத டைனமோ வோல்ட்டேஜ் எகிறி, கேப்பாசிட்டர் காலி. ஈயப்பற்று கெட்டியாக இருக்கட்டும்.

அடுத்தது சூடு. வெளிச்சம் முன்னால் போகும், சூடு முதுகில் நிற்கும். வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டினால் எல்.ஈ.டி.க்கு ஆயுசு கம்மி. பழைய கம்ப்யூட்டரின் ஹீட் சிங்க், இல்லையேல் ஜன்னல் வேலையில் மிஞ்சிய கனமான அலுமினியத் துண்டு. நடுவே தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கிவிடுங்கள். சைக்கிள் ஓடும் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் எடுக்கும் ஆசை சிலருக்கு வரும். லித்தியம் ஸார் அது! பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் தொடாதீர்கள். செல்லின் மேல் நேராக ஈயமும் வைக்காதீர்கள்.

லென்ஸ் போட்டதும் சிலர் அதை வானத்தைப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். எதிரே வருகிறவருக்குக் கண் கூசினால் அவர் நம் மேலேயே வருவார். முன்னால் தரையில் ஒளி விழுகிற மாதிரி சாய்த்தால் போதும்.

நண்பர் சைக்கிளில் முன்பக்கம் இப்போது பட்டப்பகல். பின்னால்? "அங்க எதுக்குண்ணே, நான் பின்னால பாக்கறதில்லையே!" என்றார். லாரிக்காரர் பார்ப்பாரே! சின்ன சிவப்பு லைட் ஒன்றும், மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மாட்டிவிட்டுத்தான் அவரை அனுப்பினேன்.