துன்பக் காலத்தில் கிறித்தவ நம்பிக்கை: கொல்லிமலை எவ்லின் பிராண்ட்

கிறித்தவ சமயத்தில் விசுவாசம் என்பது துன்பமே வராது என்ற உறுதிமொழி அன்று. துன்பம் வந்த வேளையிலும் இறைவன் தம்மைக் கைவிடவில்லை என்று பற்றிக்கொண்டு, அன்றாடக் கடமையைத் தொடர்வதே விசுவாசம் எனப்படுகிறது. விவிலியத்தின் சங்கீத நூலில் உள்ள 150 பாடல்களில் பல, இறைவனிடம் முறையிட்டு அழும் புலம்பல்களே. எனவே அழுவது விசுவாசக் குறைவாகக் கருதப்படுவதில்லை. சேலம், நாமக்கல் பகுதி மலைகளில் பணியாற்றிய எவ்லின் பிராண்டின் (1879–1974) வாழ்க்கை இதை விளக்குகிறது.

மலைவாழ்வு

இங்கிலாந்தைச் சேர்ந்த எவ்லின் ஓவியம் பயின்றவர். 1913-இல் ஜெசி பிராண்டை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். அன்று அங்கே சாலையோ மருத்துவமனையோ இல்லை; மலேரியா பரவலாக இருந்தது. இருவரும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் மலைமக்கள் எவரும் அவர்களது சமயத்தை ஏற்கவில்லை.

நரம்புச் சிலந்தி நோயும் மலையில் இருந்தது. நோயாளி படிக்கிணற்றில் இறங்கினால், காலிலுள்ள புழு தண்ணீரில் குஞ்சுகளை விடும். அத்தண்ணீரைக் குடிப்பவருக்கும் நோய் தொற்றும். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, வாளியால் நீர் இறைக்கச் செய்தால் இத்தொடர் அறுபடும். பிராண்ட் தம்பதியர் இம்முறையை மக்களுக்கு எடுத்துரைத்தனர்.

இழப்பு

1923-இல் இரு குழந்தைகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினர். 1929 ஜூன் மாதம் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் கொடிய நோய் அது. பிள்ளைகள் கடல் கடந்து இருந்ததால் எவ்லின் தனித்து நின்றார். மகன் பாலுக்கு அப்போது வயது 14. தந்தையின் மரணச் செய்தி வந்து சில நாட்கள் சென்ற பிறகே, அவர் முன்னதாக எழுதியிருந்த கடிதம் மகனின் கைக்குக் கிடைத்தது.

எவ்லினின் துக்கம் விரைவில் ஆறவில்லை. இங்கிலாந்து சென்று சில காலம் தங்கியபின் அவர் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் மிஷன் நிர்வாகம் அவரைச் சமவெளிப் பணியில் அமர்த்தியது. மலைமக்களிடம் செல்லவேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை.

மீண்டும் மலைக்கு

ஓய்வு பெறும் வயதில் அவரை மலைக்கு அனுப்ப மிஷன் இசையவில்லை. ஏறத்தாழ 70 வயதில் மிஷன் பொறுப்பிலிருந்து விலகி, தம் சொந்த முயற்சியில் அவர் மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாமல், வாழப்பாடி வட்டாரத்தை ஒட்டிய கல்வராயன் மலை உள்ளிட்ட பிற மலைகளுக்கும் சென்றார். மட்டக்குதிரை மீதேறிப் பயணம் செய்தார். கீழே விழுந்து எலும்பு முறிந்த பிறகும், மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பர் 18 அன்று, 95-ஆம் வயதில் காலமானார்.

மகன் பால் பிராண்ட் 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மூலம் இயங்கச் செய்து உலகப்புகழ் பெற்றார்.

விசுவாசம் எவ்லினின் இழப்பை ஈடுசெய்யவில்லை. கணவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த ஆண்டுகளும் மீளவில்லை. எனினும் தம் வாழ்வுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்ற உறுதியை அது தந்தது. துன்பத்தில் இருப்பவரிடம் "விசுவாசமாக இரு, அழாதே" என்று சொல்வது இந்த மரபைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். அவர் அழுவதற்கு இடம் கொடுத்து, மறுநாள் செய்யக்கூடிய ஒரு சிறு வேலைக்குத் துணை நிற்பதே இம்மரபுக்கு நெருக்கமானது.